பங்குக்குப் போன வாழைத்தோட்டம்

வயல் காணிக்குள் வாழை வைக்க உங்களுக்கு என்ன விசரா என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் வாய்க்கால் கரையில் ஒருவரும் இல்லை. சிலர் நேரே கேட்டார்கள். சிலர் சைக்கிளை நிறுத்தி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஒரு பெருமூச்சை விட்டுவிட்டுப் போனார்கள். நேரே கேட்டவர்களை நான் மன்னித்துவிட்டேன். பெருமூச்சு விட்டவர்களை இன்னும் மன்னிக்கவில்லை.

அது என் சீதனக் காணி. அம்மாவின் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காட்டை வெட்டி வயலாக்கியது. அவரிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு. குளத்திலிருந்து வரும் வாய்க்காலின் தலைப்பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரைத் திறந்துவிட்டால் முதலில் எங்கள் பக்கம்தான் வரும். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எது வரம்பு எது வயல் என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்கி நெல் விதைத்தோம். நெல் எங்களுக்குச் சோறு போட்டது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சோற்றைத் தவிர வேறு ஒன்றுக்கும் அது காணவில்லை. அதனால்தான் என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார்.

அவர் போகும்போது மகள் பாலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டாள். நடுவில் லீவில் வந்து போனதெல்லாம் கணக்கில் சேராது. வந்த அன்று அவள் அவருக்கு முன்னால் போய் நின்று, "தேத்தண்ணி குடிக்கிறீங்களே?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி. அவர் "ஓம்" என்றார், அவரும் விருந்தாளி மாதிரித்தான். நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதுகிற சாட்டில் அழுதேன். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த மனுசனை இனி எங்கேயும் அனுப்புவதில்லை என்று.

அவரோ அப்படி லேசில் வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. "ஒரு வருசம் பாப்பம்" என்றார். "நீர் சொல்லுற மாதிரித் தோட்டத்தைப் போடுவம். வாழை முதல் குலை வெட்டுமட்டும் நிக்கிறன். தோட்டம் எங்களைத் தாங்குமெண்டா நான் போகேல்லை. தாங்காட்டி நான் போகத்தான் வேணும். அப்ப நீர் மறிக்கக்கூடாது."

"மறிக்கமாட்டன்" என்றேன். அந்த நேரம் அதைச் சொல்ல எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. வாழை பிழைக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

காணியின் பின்பாதி கொஞ்சம் மேட்டு நிலம். வீடும் கிணறும் அங்கேதான். அங்கே ஆட்டுக்கொட்டில், கோழிக்கூடு, கிணற்றடியில் பயற்றங்காய்ப் பந்தல். முன்பாதி வாய்க்காலோடு ஒட்டின பள்ளமான வயல். அதில்தான் மண்ணை வெட்டி மேடு மேடாகக் கட்டி, இடையில் தண்ணீர் வடிய கான் வெட்டி, கதலி வாழையும் இதரை வாழையும் வைத்தோம். வாழைக்கும் வீட்டுக்கும் நடுவில் பப்பாசி, அதற்குப் பின்னால் கத்தரி, மிளகாய். ஒன்று விழுந்தால் மற்றது தூக்கும் என்பதுதான் என் கணக்கு. நெல்லை மட்டும் நம்பி இருந்தால் ஒரு மழை பிழைத்தாலும் எல்லாம் போய்விடும்.

கணக்கு என்னவோ நல்ல கணக்குத்தான். ஆனால் அந்த வருடம் எனக்கு ஏறிய எரிச்சலை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. மிளகாய்க் கன்று நட்டால் விடிய மயில் வந்து கொத்திவிட்டுப் போகும். கீரி கோழிக்குஞ்சுக்கு வரும். ஆடு, பக்கத்துக் காணியில் புல் மலையாகக் கிடந்தாலும் என் கத்தரியைத்தான் தின்னும். இவையெல்லாவற்றையும் விட, இவர்.

இவருக்கு ஒரு பழக்கம். யார் என்ன கேட்டாலும் வாயில் இல்லை என்ற சொல் வராது. எங்கள் கத்தரி வெயிலில் துவண்டு கிடக்கும், தண்ணீர் இறைக்கிற மெசின் யாரோ ஒருவருடைய கிணற்றடியில் நிற்கும். "எங்க மெசின்?" என்று கேட்டால், "பாவம், அவைக்குக் கன்று காயுதாம்" என்பார். "எங்கட கன்று என்ன, குளிரில நடுங்குதே?" என்று கத்துவேன். சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போவார். வாளியால் ஊற்றி ஊற்றியே அன்றைக்கு முதுகு பிடித்துப் படுப்பார். எண்ணெய் போட்டுத் தேய்க்கிறது நான்தான். தேய்த்துக்கொண்டே திட்டுவேன். அவருக்கு அது தாலாட்டு, நித்திரையாகிவிடுவார்.

ஆனாலும் வாழை வந்தது. மாரி மழை முழுக்க கானைத் துப்புரவாக்கித் துப்புரவாக்கித் தண்ணீரை வெளியே விட்டோம். மூவரும் முழங்கால்மட்டும் சேற்றில் நின்றோம். மகள் தகப்பனோடு சண்டை பிடிக்கத் தொடங்கியது அந்தச் சேற்றுக்குள்தான். "அப்பா, மண்வெட்டியை இப்பிடிப் பிடிச்சா என்ர காலைத்தான் வெட்டுவீங்கள்" என்று ஒரு நாள் கத்தினாள். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. விருந்தாளியிடம் யாரும் அப்படிக் கத்தமாட்டார்கள்.

மாசி முடிவில் முதல் வாழை குலை தள்ளியது. வாழைப்பூப் பொத்தி வெளியே வந்த அன்று இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் தள்ளத் தொடங்கின. பரந்தன் பக்கத்திலிருந்து ஒரு பழக் கடைக்காரர் வந்து பார்த்து, வெட்டும்போது சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டும் போனார். நான் மனதுக்குள் இவருடைய பயணப் பையைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். உண்மையாகவும் அதை அங்கேதான் வைத்தேன், கறையான் அரித்தாலும் பரவாயில்லை என்று.

எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு போகம். மாரியில் காலபோகம், அதற்கு மழையும் குளமும் சேர்ந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுக்கும். கோடையில் சிறுபோகம், அதற்குக் குளத்தில் மிஞ்சியிருப்பதுதான். குளம் நிரம்பியிருந்தால் கரைச்சல் இல்லை. நிரம்பாத வருடங்களில் வாய்க்காலின் கடைசிப் பக்கத்துக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதற்காக ஒரு வழமை இருக்கிறது. தலைப்பக்கத்துக் காணிக்காரர் தங்கள் காணியில் பாதியை அந்த ஒரு போகத்துக்குக் கடைசிப் பக்கத்துக்காரருக்கு விட்டுக்கொடுப்பார்கள். குத்தகை கிடையாது, ஒன்றும் கிடையாது. இதைப் பங்கு என்போம். பங்குக்கு விடுவதா இல்லையா என்று போகம் தொடங்குமுன் கமக்காரர் கூட்டத்தில் கையை உயர்த்தி முடிவெடுப்பார்கள்.

அந்த முறை குளம் பாதிதான். அது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் நெல் இல்லாத காணியை யார் பங்கு கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். குலை தொங்குகிற வாழையைப் பார்த்தால் கேட்கிறவர்களுக்கே வாய் வராது என்று நினைத்தேன். கூட்டத்தன்று ஆடு ஒன்று குட்டி போடத் துடித்துக்கொண்டு நின்றது. நான் கொட்டிலுக்குள் இருந்தேன். இவர் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார்.

மத்தியானம் வந்தார். கால் கழுவினார். வந்து கதிரையில் இருந்தார். சோற்றைப் போட்டேன்.

"என்ன முடிவு?"

"பங்குதான்" என்றார். "பாதிக்குப் பாதி."

சொதியை ஊற்றிக்கொண்டிருந்த என் கை நின்றது. "அப்ப எங்கட வாழை?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே? எங்கட காணிக்க வாழை நிக்குது, குலை தள்ளியிருக்குது எண்டு வாயைத் திறந்து சொல்லேல்லையே?"

"நான் கையைத் தூக்கினனான்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவே இல்லை. பிறகு விளங்கியது. ஐயோ, அந்த மனுசன் கூட்டத்துக்குக் கூட்டம் கையைத் தூக்கித் தூக்கிப் பழகிப்போன ஆள். என் தகப்பனார் இருந்த காலத்தில் அவருடைய பக்கத்தில் இருந்து தூக்கியவர். கட்டாரில் இத்தனை வருடம் இருந்தும் அந்தக் கைக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. தலைவர் ஒலிபெருக்கியில் கேட்டிருப்பார், இவருடைய கை தானாக மேலே போயிருக்கும், வாழை ஞாபகத்துக்கு வந்திருக்காது.

"மறந்துபோய்த் தூக்கினீங்களே?" என்று கத்தினேன். "கட்டின மனுசியையும் ஒரு நாளைக்கு எங்கயாவது மறந்துபோய் விட்டுட்டு வாங்கோ!"

அவர் எழும்பிக் கை கழுவப் போனார். மறுக்காமல் போனதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு கொடுமை. பாதியை விடுவதென்றால் எந்தப் பாதி? மேட்டு நிலத்தில் தண்ணீர் ஏறாது, அங்கே நெல் விளையாது. பள்ளமான முன்பாதிதான் வயல். முன்பாதி என்றால் வாழை. வேறு வழியே இல்லை.

அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். எங்கள் காணியில் பங்கு எப்போதும் ஒரே குடும்பத்துக்குத்தான் விழும். கடைசிப் பக்கத்தில் இருக்கிற ஒரு தம்பி. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். நல்ல மாதிரியான ஆள். போய்க் கேட்டால் என்ன? இந்த ஒருமுறை விட்டுத்தாங்கோ, வாழை வெட்டினபிறகு அடுத்த வருடம் பார்ப்போம் என்று கேட்டால் கேட்டுக்கொள்ளக்கூடும். அடுத்த நாள் காலமை ஸ்கூட்டியை எடுத்தேன்.

"எங்க போறீர்?" என்றார் இவர்.

"நீங்கள் கெடுத்ததைத் திருத்தப் போறன்."

"போகாதையும்."

"ஏன்?"

"சும்மா, போகாதையும்."

அவர் போகாதே என்று சொன்னால் நான் இருக்கிற ஆளா? போனேன்.

வாய்க்கால் கரையால் கீழே போகப் போக வாய்க்காலுக்குள் தண்ணீரும் குறைந்துகொண்டே போனது. கடைசியில் வெறும் சேறு, பிறகு வெறும் மண். அந்தத் தம்பியின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்குள் மாடுகள் நின்று எதையோ நக்கிக்கொண்டிருந்தன. வீட்டு வாசலில் விதை நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, ஊறப்போடத் தயாராக.

"அக்கா, வாங்கோ வாங்கோ!" என்று அவர் ஓடிவந்து கதிரையைத் துடைத்து வைத்தார். மனைவி உள்ளுக்கிருந்து எட்டிப் பார்த்து, "அக்காவுக்குத் தேத்தண்ணி வைக்கிறன், போயிடாதையுங்கோ" என்று குரல் கொடுத்தா. நான் கதிரை நுனியில் இருந்தேன். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "அண்ணை இல்லாட்டி இந்தமுறை எங்கட கதை முடிஞ்சுது அக்கா. நான் வீட்ட வந்து சொல்லோணும் எண்டுதான் இருந்தனான்."

"என்னத்தை?"

"கூட்டத்தில தலைப்பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் கையத் தூக்கேல்லை. எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவை. தண்ணி குறைவுதானே, பங்கு குடுக்காட்டித் தங்கட காணி முழுக்க விதைக்கலாமெண்டு அவைக்கு ஒரு எண்ணம். தலைவர் ரெண்டுதரம் கேட்டவர். அண்ணைதான் முதல் தூக்கினவர். அதைப் பாத்துட்டுத்தான் மற்ற ஆக்களும் ஒவ்வொருத்தராத் தூக்கினவை."

நான் தேநீரைக் கையில் வாங்கினேன். குடிக்கவில்லை.

"நான் முன்னமே அண்ணையிட்டக் கேட்டனான் அக்கா" என்றார் அவர். "மண்டபத்து வாசலில வைச்சு. அண்ணை, உங்கட காணிக்க வாழை நிக்குதே, குலையும் தள்ளிப்போட்டுதே, என்ன செய்யிறதெண்டு. அதை நான் பாக்கிறன், நீ பயப்பிடாத எண்டு சொன்னவர். அக்காவிட்டயும் தானே சொல்லுறன் எண்டவர்."

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றா. "உங்கட காணி நெல்லுத்தான் அக்கா மாரி வருமட்டும் எங்களுக்குச் சாப்பாடு" என்றா. உள்ளே அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் ஏதோ பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தன.

"அக்கா என்ன விசயமா வந்தனீங்கள்?" என்று அந்தத் தம்பி கேட்டார்.

வாயைத் திறந்தேன். கடவுளே, எவ்வளவு சுலபமான ஒரு வசனம். இந்த ஒருமுறை விட்டுத்தாங்கோ. அவ்வளவுதான்.

"எப்ப உழ வாறீங்கள் எண்டு கேக்கத்தான்" என்றேன்.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வாய்க்கால் கரையில் நின்று என்னையே திட்டினேன். அந்தத் தம்பியையும் திட்டினேன், ஏன் அவ்வளவு நல்லவனாக இருக்கிறாய் என்று. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி. குளத்தைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். திட்டி முடித்தபோது மிஞ்சியது ஒரே ஒரு ஆள். அவர் மறக்கவில்லை. அவருக்கு எல்லாம் ஞாபகத்தில் இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். வாழைக்குள் நின்று, சரிந்த ஒன்றுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெட்டப் போகிற வாழைக்கு என்ன முட்டு என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

"நீங்கள் மறக்கேல்லை."

திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். "இல்லை" என்றார். "மறக்கேல்லை."

"முதல் கை உங்கட கை."

"ஓம்."

"இந்த வாழைதான் உங்களை இஞ்ச நிப்பாட்டி வைச்சிருக்குது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? நீங்கள்தானே சொன்னனீங்கள், குலை வெட்டுமட்டும் எண்டு."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ தூக்கினீங்கள்?"

அவர் முட்டுக்கட்டையைக் கீழே வைத்தார். "அவன் எனக்குப் பக்கத்தில இருந்தவன். வேர்த்துக் கொட்டுது அவனுக்கு. நான் கையை மடியில வைச்சுக்கொண்டு எப்பிடி இருக்கிறது, சொல்லும்?"

"அப்ப எனக்குப் பக்கத்தில ஆர் இருக்கிறது?" என்று கேட்டேன். "அவனுக்கு நீங்கள் இருந்தனீங்கள். எனக்கு ஆர்? உங்கட பிள்ளைக்கு ஆர்?"

பதிலுக்கு நான் நிற்கவில்லை. கிணற்றடிக்குப் போய், அழுக்கில்லாத உடுப்பையெல்லாம் எடுத்துப் போட்டு அடித்து அடித்துத் தோய்த்தேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பு வெட்டினோம். வெட்டியது அவர்தான். நான் ஒன்றைக்கூட வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இழுத்துப் போடுவதற்கு ஆள் வேண்டுமே. நானும் மகளும் தண்டுகளை இழுத்துக் கொட்டிலடியில் போட்டோம். ஆடுகளுக்குக் கலியாண வீடு. குலைகள் எல்லாம் பிஞ்சு, விரல் தடிப்புக்குக்கூட வரவில்லை. கறிக்கு எடுக்கலாம் என்று அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். வேலிக்கு மேலால் பெருமூச்சு விட்டவர்களும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். "அப்பவே சொன்னனாங்கள்" என்று ஒருவர் தொடங்கினார். என் கையில் இருந்த கத்தியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வாழையின் பக்கக் கன்றுகளைக் கிளப்பி, பிறகு நடலாம் என்று கிணற்றடியில் புதைத்து வைத்தேன். உழவு மெசின் வந்த அன்று அந்தத் தம்பி அதற்கு முன்னால் நடந்து வந்தார், தலையைக் குனிந்துகொண்டு. நாங்கள் மாரியெல்லாம் கட்டிக் காத்த மேடுகளை மெசின் ஒரே காலமைக்குள் தட்டையாக்கியது. அவர் என்னிடம் வந்து, "அக்கா, போகம் முடிய நானே வந்து மேடு கட்டித் தாறன்" என்றார்.

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ தம்பி" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் நான் அழுதிருப்பேன்.

வாழையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. முன்பாதியில் தண்ணீரைக் கட்டியதும் அது மண்ணுக்குள்ளால் ஊறி மேட்டின் விளிம்புக்கு வந்தது. பப்பாசிக்கு வேரில் ஈரம் நின்றால் ஆகாது. முதலில் இலை மஞ்சளாகியது, பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தது. கத்தரி வேர் அழுகியது. ஒன்று விழுந்தால் மற்றது தூக்கும் என்று சொன்னேனே, ஒன்று விழ மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. மிஞ்சியது ஆடு, கோழி, பயற்றங்காய்ப் பந்தல். மயில் தின்றது போக மிளகாய் கொஞ்சம்.

வைகாசியில் ஒரு நாள் அலுமாரிக்கு மேல் இருந்த பையை இவர் இறக்கித் தூசு தட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பழைய கொம்பனியில திரும்ப எடுக்கினம்" என்றார். "நீர் மறிக்கமாட்டனெண்டு சொன்னனீர்."

"சொன்னனான்."

சொன்ன சொல்லை நான் மீறவில்லை. மறிக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லையே. அவர் போகுமட்டும் ஒரு நாள் விடாமல் திட்டினேன். "ஊருக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு மட்டும் இல்லையெண்டு சொல்லுறீங்கள்" என்று திட்டினேன். "ஓம், அதுதான் செய்யிறன்" என்று ஒருமுறை சொன்னார், சேட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே. அப்படி ஒப்புக்கொள்கிற ஆளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்தபோது மகள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினாள். "அப்பா, போய்ச் சேர்ந்து போன் எடுங்கோ" என்றாள். இந்த முறை அது விருந்தாளியிடம் பேசுகிற குரல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. முதல்முறை போனபோது அவளுக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

ஆவணியில் நெல் வெட்டினார்கள். நல்ல விளைச்சல். தலைப்பக்கத்து மண், அதோடு வாழைக்குப் போட்ட எருவெல்லாம் அதற்குள்தான் கிடந்தது, விளையாமல் என்ன செய்யும்? வெட்டி ஒரு கிழமைக்குள் அந்தத் தம்பியும் மனைவியும் வந்தார்கள். புது நெல்லின் புதிரிசியில் சமைத்த சோறும் கறியும் கொண்டுவந்திருந்தார்கள். காணிக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவது என்று வைத்திருக்கிறார்கள். "அண்ணை நிண்டிருந்தா" என்று மனைவி தொடங்கினா. புருசன் அவவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவர்கள் போனபிறகு மகள் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்தாள். மூன்று வைத்திருந்தாள். பிறகு ஒன்றை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். சாப்பிட இருந்த நேரம் போன் அடித்தது. இவர்தான், வேலைக்குப் போகுமுன் எடுப்பார். மகள் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள்.

"புதிரிசிச் சோறு அப்பா" என்றாள்.

அவருடைய முகம் திரைக்குக் கிட்ட வந்தது. "கொண்டுவந்து தந்தவையே? எப்பிடிச் சோறு?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நல்லாயில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. கல்லு, நெடில் மணம், குழைஞ்சு போச்சுது, என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் சோறு அப்படி இருந்தது, வெறும் சோறே இனித்தது.

"நல்ல சோறு" என்றேன். "அதைத் தின்ன நீங்கள் இஞ்ச இல்லை."

அவர் போனை வைக்கவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார். நானும் நிறுத்தவில்லை. இரண்டாம் முறையும் போட்டு, அவரைப் பார்த்துக்கொண்டே, ஆத்திரத்தோடு சாப்பிட்டு முடித்தேன்.